கோளாறு இல்லை

ஹெல்டுர் மூன்றாவது முறையாக வந்தார்.
"தீவுக்குப் போனால் மட்டும் கத்துகிறது.
மற்ற நேரமெல்லாம் சாது."

ஹாப்சாலுவில் கார்களுக்கு மின்சாரம் பார்க்கிறவள் நான்.
கத்துகிற எதையும் எடுத்தவுடன் நம்புவதில்லை,
வாடிக்கையாளர் உட்பட.
ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஆன்டெனா கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனேன்,
எலி தொடவில்லை.
கூரையில் இறுகியிருந்த பனியைச் சுரண்டினேன்.
ஒன்பது செயற்கைக்கோள்கள் தெரிந்தன,
பத்தாவது தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால்
வரலாமா வேண்டாமா என்றிருந்தது.
ஊசிமுனையால் ரீசெட் துளையை அழுத்தி
முப்பது எண்ணினேன்.
எழுந்தது. மொழி கேட்டது. சொன்னேன்.
ரொட்டிக்கடை, மருந்துக்கடை,
ரயில் வராத ரயில் நிலையம்,
எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்திருந்தது.

கோளாறு இல்லை என்று எழுதி நீட்டினேன்.
வாங்கவில்லை.
"என்னோடு வா."

பிப்ரவரி. பின்னிருக்கையில் அட்டைப்பெட்டி,
அதற்குள் தீவுக்காரர்கள் பதினொரு பேரின் பல் செட்.
அவர் பல் கட்டுகிறவர்.
கரை முடிகிற இடத்தில் ஒரு பையன்
வண்டியின் எடை கேட்டான்,
முன்னால் போனவன் புள்ளியாகும்வரை நிறுத்திவைத்தான்,
பிறகு, "பெல்ட்டைக் கழற்றுங்கள்."
இங்கே சட்டம் தலைகீழ்.
கதவைத் திறந்து குதிக்க வேண்டி வரலாம்.
வேகம் இருபத்தைந்துக்குக் கீழே, இல்லையா, நாற்பதுக்கு மேலே.
நடுவில் ஓட்டினால் அடியில் அலை எழும்.

அப்போது தொடங்கியது.
பெல்ட் போடாததற்கு ஒரு கீச்சொலி,
அதற்கு மேலே இவள்:
"முடிந்தவுடன் திரும்பவும்."
திரை முழுக்க நீலம்.
நீலத்தில் எங்கள் அம்புக்குறி தன்னந்தனியாக.
"அருகிலுள்ள சாலைக்குச் செல்லவும்."
"திரும்பவும்."
வெளியே வெள்ளை, வழிகாட்ட நட்டுவைத்த ஜூனிபர் கிளைகள்,
மறுபடி வெள்ளை.
"கேட்டாயா?" என்றார் ஹெல்டுர்,
வழக்கில் சாட்சி கிடைத்த குரலில்.

கேட்டேன்.
முழங்கை நீளத்துக்கு உறைந்த நீர், அதற்குக் கீழே
உறையாத பால்டிக்.
கடல் என்கிறாள். கடல்தான்.
உயரம் சுழியம் மீட்டர் என்கிறாள். அதுவும் சரி.
பொய் சொல்லிக்கொண்டிருந்தது நாங்கள்தான்,
மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில்.
பெட்டிக்குள் பதினொரு வாய்கள்
கடகடவென்று அதை ஆமோதித்தன.

திரும்பும்போது ஒரு வேலை செய்தேன்.
போகிற தடத்தைப் பதியவைத்து,
'சாலை' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
பெயர் வைத்தால் போதும், அடங்கிவிட்டாள்.
இருபத்தைந்து யூரோ வாங்கினேன்.

ஜூனில் ஹெல்டுர் மறுபடி.
"இப்போது கத்துவதே இல்லை" என்றார்.
"அதுதான் விஷயம்."
அதே சரிவுக்குக் கூட்டிப்போனார்.
பையன் நின்ற இடத்தில் இரண்டு அன்னங்கள்.
தண்ணீர் எங்கள் முன்சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போனது.
திரையில் நான் போட்ட கோடு,
நீலத்தைக் கிழித்துக்கொண்டு, எதிர்க்கரைவரை.
"நேரே செல்லவும்," என்றாள்,
துளி சந்தேகமில்லாமல்.
"இருபத்தாறு கிலோமீட்டர்."

'அழி'யை அழுத்தினேன்.
நிச்சயமா என்று கேட்டது.
நிச்சயம் என்று நான் தொடுவதற்குள்
அவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.
திரை கறுத்தது. எங்கள் இரண்டு முகங்கள்.
"இருக்கட்டும்" என்றார். "கப்பலுக்கு நேரமாகிறது."

மாலையில் நடுக்கடலிலிருந்து தொலைபேசி.
காற்று பாதி, ஹெல்டுர் பாதி.
"உன் சாலையைவிட்டு
வலப்பக்கம் நானூறு மீட்டர் விலகிப் போகிறோமாம்.
இடப்பக்கம் வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.
மாலுமியிடம் யார் போய்ச் சொல்வது,
நீயா, நானா?"